இரத்தத்தைக் கழுவினால் நஞ்சு நீங்குமா?

"இரத்தம் கெட்டுப் போயிற்று" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளிலே நெடுங்காலமாக உள்ளது. சிறு பிள்ளைக்குச் சிரங்கு கண்டாலும், இளைஞன் முகத்திற் கட்டி புறப்பட்டாலும், வீட்டுப் பெரியவர்கள் முதலிற் குறை கூறுவது இரத்தத்தையே. நன்னாரி வேரைக் காய்ச்சிக் கொடுப்பார்கள்; வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டித் தருவார்கள். பழைய வைத்தியர்கள் அட்டை விட்டுக் கெட்ட இரத்தத்தைப் போக்கினர். மேல்நாட்டு வைத்தியர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் நாளத்தைக் கீறி இரத்தம் வடிப்பதையே பல நோய்களுக்கு மருந்தாகக் கொண்டிருந்தனர். நோய் என்பது இரத்தத்திற் கலந்த அழுக்கு; அழுக்கு நீங்கினால் நோயும் நீங்கும் என்னும் எண்ணம் மனித குலத்துக்கே பொதுவானது.

அவ்வெண்ணம் மறைந்து விடவில்லை. புதுக்கோலம் பூண்டு, இன்று பெரிய வைத்தியசாலைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே நிற்கின்றது. கிருமி தொற்றி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உணர்விழந்து கிடக்கும் நோயாளியின் இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஒரு குழாயினுட் செலுத்தி, நஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டு மீண்டும் உடலுக்குள் அனுப்பும் கருவிகள் பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்துள்ளன. அவற்றின் விலை பெரிது. தாயோ, கணவனோ, பிள்ளையோ உள்ளே உயிருக்கு மன்றாடிக் கொண்டிருக்க, கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தார் "செய்வோமா, விடுவோமா?" என்று முடிவு கூற வேண்டியவராகின்றனர். செய்யாவிட்டால் வாழ்நாள் முழுவதும் மனத்தை அரிக்கும் பழி. செய்தால் தலைக்கு மேற் கடன். தாலிக்கொடியை அடகு வைத்தேனும் செய்துவிட வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும்.

அத்தகைய வேளையில் நிதானமாகச் சிந்திப்பது எவர்க்கும் அரிது. ஆகவே, அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையிலே அதனை ஆராய்ந்து வைத்துக்கொள்ளுதல் நன்று. இரத்தத்தைக் கழுவும் கருவி எப்படிப் பிறந்தது? அது யாது செய்யும்? யாது செய்யாது? இவற்றை இங்கே நோக்குவோம்.

நோய் என்பது யாது?

இந்நோயை வைத்தியர்கள் 'செப்சிஸ்' என்பர். அழுகுதல் என்னும் பொருள் தரும் பழைய கிரேக்கச் சொல் அது. நியூமோனியாக் காய்ச்சல், சிறுநீர்ப் பாதையில் உண்டாகும் தொற்று, வெடித்த குடல்வால், சீழ் பிடித்த கால் புண், பிரசவத்தின் பின் தாய்க்கு ஏற்படும் தொற்று ஆகிய எதிலிருந்தும் இது தோன்றக் கூடும். கிருமிகள் இரத்தத்திற் கலந்து அதை நஞ்சாக்கி விடுகின்றன என்றே முன்னாளிற் கருதினர். அது முழு உண்மையன்று. 2016ஆம் ஆண்டில் உலக நிபுணர்கள் கூடி வகுத்த வரையறையின்படி, செப்சிஸ் என்பது தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல் நிலை தடுமாறித் தன் உறுப்புகளைத் தானே ஊறு செய்வதாகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

உடலின் காவற் கலங்கள் கிருமியைக் கண்டதும் அபாய அறிவிப்புச் செய்யும் இரசாயனத் தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றைச் சைற்றோகைன்கள் என்பர். ஓரளவுக்கு அவை சுரந்தால் காய்ச்சல் வரும், கிருமி மடியும், நோய் தீரும். அளவு மீறினால் உடலெங்கும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து தளரும். குழாய்ச் சுவர்கள் கசிந்து நீர் வெளியேறும். அழுத்தம் வீழும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் போதிய இரத்தம் செல்லாது. நாளத்தின் வழியே வேண்டிய அளவு சேலைன் ஏற்றிய பின்னரும், சராசரி இரத்த அழுத்தத்தை 65 மில்லிமீற்றரில் வைத்திருக்க நோராட்ரினலின் போன்ற மருந்து தேவைப்பட்டு, இரத்தத்தில் லக்டேற் என்னும் அமிலப் பொருளும் உயர்ந்து காணப்படின், அந்நிலைக்குச் 'செப்டிக் அதிர்ச்சி' என்று பெயர். அந்நிலையை அடைந்தோரில் நூற்றுக்கு நாற்பதின் மேற்பட்டோர் வைத்தியசாலையிலேயே உயிரிழக்கின்றனர்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு ஆளாயினர் என்றும், அவர்களில் 1 கோடியே 10 இலட்சம் பேர் மாண்டனர் என்றும் ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். உலகில் நிகழும் மரணங்களில் ஐந்தில் ஒன்று என்பது இதன் பொருள்.

செத்த கிருமியின் நஞ்சு

இரத்தத்திலிருந்து நஞ்சைப் பிடிக்கலாம் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டவர் றிச்சர்ட் பைபர் என்னும் ஜெர்மன் அறிஞர். பேர்லினில் றொபேட் கொக் அவர்களின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த அவர், 1892ஆம் ஆண்டளவில் வாந்திபேதிக் கிருமிகளை வெப்பத்தாற் கொன்று, அச்செத்த கிருமிகளைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றினார். கிருமி செத்திருந்தும் பன்றிகள் மாண்டன. கிருமியின் உடலிலேயே ஒரு நஞ்சு பிணைந்திருக்கின்றது. கிருமி சிதையும்போது அது வெளிப்படுகின்றது என்று அவர் முடிவு கட்டினார். 'என்டோடொக்சின்', அதாவது அகநஞ்சு என அதற்குப் பெயரும் இட்டார். சில வகைக் கிருமிகளின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருளே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதில் ஓர் இக்கட்டு இருக்கின்றது. நுண்ணுயிர் எதிரி மருந்துகள் கிருமியைக் கொல்லும். செத்த கிருமியின் நஞ்சை அகற்றமாட்டா. அந்நஞ்சை இரத்தத்திலிருந்து வேறாக வடித்தெடுத்தால் என்ன என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது.

ஆயினும், அதற்கு மறுபக்கமும் உண்டு. அகநஞ்சை ஏற்றினாலும் சிறிதும் தாக்கமுறாத ஒரு வகை எலிகளை விஞ்ஞானிகள் அறிந்திருந்தனர். அவ்வெலிகளில் அகநஞ்சை அறியும் உணர்வான் பழுதுற்றிருந்தது என்பதை 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புறூஸ் பொய்ட்லர் குழுவினர் கண்டறிந்தனர். அவருக்கு 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், நஞ்சுக்கு அசையாத அவ்வெலிகள் உயிருள்ள கிருமி சிறிது புகுந்தாலும் எளிதில் மாண்டன. அபாய மணி ஒலிக்காத வீட்டிலே கள்வன் அச்சமின்றி நுழைகிறான் அல்லவா? நம்மைக் கொல்லக்கூடிய அதே அறிவிப்புத்தான் நம்மைக் காப்பதும் ஆகும். இவ்வுண்மையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கருவி பிறந்த கதை

மெல்லிய சவ்வின் வழியே சிறு துகள்கள் கடந்து செல்லும், பெரியவை நின்றுவிடும் என்பதை ஆராய்ந்து அதற்கு 'டயலிசிஸ்' எனப் பெயரிட்டவர் ஸ்கொட்லாந்துக்காரரான தோமஸ் கிரகாம். அஃது 1861ஆம் ஆண்டிலாகும். 1913இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரிலே ஜோன் ஏபெல் என்பவர் ஒரு நாயின் இரத்தத்தைக் குழாய்களின் வழியே வெளியே சுற்றவிட்டு மீண்டும் உடலுக்குட் செலுத்திக் காட்டினார். குழாயிலே இரத்தம் உறையாதிருக்க அவர் சேர்த்த பொருள் அட்டையின் வாயிலிருந்து எடுக்கப்பட்டதாகும். கெட்ட இரத்தத்தை உறிஞ்சுவதற்கு முன்னோர் பயன்படுத்திய அதே அட்டை, இரத்தம் கழுவும் கருவிக்கும் முதல் உதவி செய்தது! 1924இல் ஜெர்மனியில் கியோக் ஹாஸ் என்பார் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்முறையைக் கையாண்டார்.

எனினும், கருவி உயிர் காத்த கதை ஒல்லாந்து நாட்டிலே தொடங்குகின்றது. இரண்டாம் உலக யுத்தம். நாடு நாசிப் படையின் பிடியில் இருந்தது. கம்பன் என்னும் சிறு பட்டினத்து வைத்தியசாலையில் வில்லெம் கொல்ப் என்னும் இளம் வைத்தியர், இறைச்சிச் சொசேஜுக்கு உறையாகப் பயன்படும் செலோபேன் குழாயை ஒரு பெரிய உருளையிற் சுற்றி, உப்புநீர் நிறைந்த எனாமல் தொட்டியிலே சுழலவிட்டார். குழாயினுள்ளே நோயாளியின் இரத்தம், வெளியே உப்புநீர், இரத்தத்திலுள்ள கழிவு சவ்வைக் கடந்து நீரிற் கலந்தது. 1943ஆம் ஆண்டு முதல் அவர் சிகிச்சை செய்த முதற் பதினாறு பேரில் ஏறத்தாழ எல்லோரும் மாண்டனர். 1945இல் சிறுநீரகம் செயலிழந்து மயக்கமுற்றிருந்த 67 வயது மாது ஒருத்தி கண் விழித்தாள். அதன் பின் ஏழாண்டுகள் வாழ்ந்தாள். உலகெங்கும் இன்று சிறுநீரக நோயாளர் செய்துகொள்ளும் இரத்தச் சுத்திகரிப்பு அவ்வுருளையின் வழித்தோன்றலேயாகும்.

ஆயின், செப்டிக் அதிர்ச்சியில் உள்ளவருக்கு நான்கு மணித்தியாலத்தில் விரைவாகச் செய்யும் சுத்திகரிப்பைத் தாங்குவது கடினம். ஏற்கனவே தாழ்ந்திருக்கும் அழுத்தம் மேலும் வீழ்ந்துவிடும். 1977இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் பீற்றர் கிறாமர் என்னும் வைத்தியர் நாளத்திற் செலுத்த எண்ணிய குழாய் தவறுதலாகத் தமனியிற் புகுந்துவிட்டது. தமனியில் அழுத்தம் அதிகம். அவ்வழுத்தத்தையே கொண்டு, இரத்தத்தை ஒரு வடியூடாக மெல்ல மெல்லத் தள்ளலாமே என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. இரவு பகலாக ஓயாது சிறிது சிறிதாக வடிக்கும் முறை இவ்வாறு பிறந்தது. மெலிந்த நோயாளியும் தாங்கக்கூடியதாக அஃது அமைந்தது.

இவ்வளவும் சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் கருவிகள். யூரியா, பொற்றாசியம், மிகை நீர் ஆகியவற்றை அகற்றுவதே இவற்றின் தொழில். இதே கருவியாற் செப்சிஸின் நஞ்சையும் தூதுப் பொருள்களையும் அகற்றினால் நோயே அகலாதா? இவ்வாசையே அடுத்த முயற்சிகளுக்குக் காரணமாயிற்று.

நஞ்சு பிடிக்கும் நார்

பொலிமிக்சின் என்பது 1947இற் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நுண்ணுயிர் எதிரி. அகநஞ்சை இறுகப் பற்றிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ஆனால் இரத்தத்திலே தாராளமாகச் செலுத்தினால் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். மருந்தை உடலுக்குட் செலுத்தாமல், உடலின் இரத்தத்தை மருந்திடம் கொண்டு வந்தால் என்ன என்று ஜப்பானிய அறிஞர் சிந்தித்தனர். மெல்லிய செயற்கை நார்களில் பொலிமிக்சினை அசையாதபடி பிணைத்து ஓர் உருளைக் குப்பியில் அடைத்தனர். இரத்தம் நார்களின் இடையே ஓடும்போது அகநஞ்சு நாரில் ஒட்டிக்கொள்ளும்; மருந்தோ இரத்தத்திற் கலவாது. இரண்டு மணித்தியாலம் ஒரு முறை. மறுநாள் மீண்டும் ஒரு முறை. ஜப்பானில் 1994ஆம் ஆண்டு முதல் இச்சிகிச்சை வழக்கத்துக்கு வந்தது. அந்நாட்டிலே பல்லாயிரம் பேருக்குச் செய்யப்பட்டது. செய்தபின் அழுத்தம் உயர்ந்தது என்று பல வைத்தியர்கள் எழுதினர்.

ஆனால், ஒரு சிகிச்சையின் பின் நோயாளி தேறினார் என்பதனால், அச்சிகிச்சையாலேதான் தேறினார் என்று சொல்லிவிட முடியாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். ஆகவே, ஒத்த நிலையிலுள்ள நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கருவியையும் மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் அளித்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நேரிய வழி.

இத்தாலியில் அவ்வாறு செய்தனர். வயிற்றிலே தொற்று ஏற்பட்டுச் சத்திர சிகிச்சை பெற்ற 64 பேர் சேர்க்கப்பட்டனர். முடிவு 2009இல் வெளிவந்தது. 28 நாட்களுள் இறந்தோர், வழக்கமான சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 53 பேர். கருவிச் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 32 பேர். பலரும் மகிழ்ந்தனர். ஆயினும் 64 பேர் என்பது சிறிய தொகை. ஆய்வும் இடையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

பிரான்ஸ் நாட்டினர் 232 பேரைக் கொண்டு அதேபோன்ற ஆய்வை நடத்தி 2015இல் முடிவை வெளியிட்டனர். இம்முறை கருவியைப் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் இறந்தனர்; பெறாதவருள் 20 பேர் அளவிலேயே இறந்தனர். வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியதே. எனினும் நன்மை ஏதும் தென்படவில்லை.

இறுதியாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் 55 வைத்தியசாலைகளில் 450 நோயாளரைச் சேர்த்து மிகக் கண்டிப்பான ஆய்வொன்று நடைபெற்றது. இரத்தத்தில் அகநஞ்சு உயர்ந்திருக்கின்றது எனப் பரிசோதித்து அறிந்த பின்னரே நோயாளர் சேர்க்கப்பட்டனர். கருவி பெறாதவருக்கும் உண்மைபோலத் தோன்றும் போலிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. எவருக்கு எது கிடைத்தது என்பது குடும்பத்தாருக்குந் தெரியாது, சிகிச்சையை நடத்திய வைத்தியருக்குந் தெரியாது. 2018இல் வெளியான முடிவு இது: கருவி பெற்றோரில் நூற்றுக்கு 37.7 பேரும், போலிச் சிகிச்சை பெற்றோரில் 34.5 பேரும் 28 நாட்களுள் இறந்தனர். கருவியால் உயிர் காக்கப்பட்டது எனச் சொல்வதற்கு இடமில்லை. அகநஞ்சு மிக அதிகமாகவும் அல்லாமல் குறைவாகவும் அல்லாமல் நடுத்தரமாக இருந்த ஒரு பிரிவினர்க்குப் பயன் இருக்கலாம் என்று பின்னர்க் கணக்குகளைத் துருவிய ஆய்வாளர் கருதினர். அத்தகையோரை மட்டும் கொண்டு மறு ஆய்வும் அமெரிக்காவிலே மேற்கொள்ளப்பட்டது. ஆராய்ச்சியின் கதவு மூடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் திறந்திருக்கும் கதவு வேறு, கைக்கு வந்த மருந்து வேறு.

பிற வழிகள்

பிற முயற்சிகளும் நடந்தன. வடிக்கும் அளவை இரட்டிப்பாக்கினால் நஞ்சு நன்கு வெளியேறும் எனக் கருதி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு 70 மில்லிலீற்றர் வீதம் வடித்துப் பார்த்தனர். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளொன்றுக்கு நூறு லீற்றராகும்! அதிற் பாதி அளவே வடிக்கப்பட்டவருடன் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. இறந்தோர் விகிதத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அடுத்து வந்தவை நுண்துளை மணிகள் நிறைந்த குப்பிகள். கடுகினும் சிறிய அம்மணிகளின் துளைகளிலே சைற்றோகைன்கள் சிக்கிக்கொள்ளும். கொவிட் தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் இவை பெரிதும் பேசப்பட்டன. ஜெர்மனியின் பிறைபேர்க் நகரில், செயற்கைச் சுவாசப்பைக் கருவியில் இணைக்கப்பட்ட 34 கொவிட் நோயாளரிடம் இவற்றைச் சோதித்தனர். 30 நாட்களின் பின் உயிருடன் இருந்தோர், மணிக்குப்பி பெறாத 17 பேரில் 13 பேர். மணிக்குப்பி பெற்ற 17 பேரில் மூவர் மட்டுமே! சிறிய ஆய்வாகையால் இதுவே முடிந்த முடிபு எனல் ஆகாது. எனினும், "செய்து பார்ப்பதில் என்ன நட்டம்?" என்று கேட்போருக்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

நோயாளியின் குருதித் திரவத்தை முழுவதும் அகற்றிவிட்டு, நலமுள்ள கொடையாளரின் குருதித் திரவத்தை ஏற்றும் முறையும் உண்டு. இஃது எடுப்பதோடு கொடுப்பதும் ஆகும். ஜெர்மனியில் 40 பேரைக் கொண்டு நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை உயர்த்தும் மருந்தின் தேவை குறைந்தது. உயிர் காக்குமா என்பதற்குப் பெரிய ஆய்வுகளே விடை கூற வேண்டும்.

செப்சிஸ் சிகிச்சைக்கென உலக நிபுணர் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, பொலிமிக்சின் நார்க் குப்பியைப் பயன்படுத்தாதிருப்பதே நன்று என ஆலோசனை கூறியது. ஏனைய சுத்திகரிப்பு முறைகளைப் பற்றிப் பரிந்துரை செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றும் கூறியது.

நியாயமாகத் தோன்றியது ஏன் பலிக்கவில்லை?

கிணற்றிலே விழுந்த அழுக்கை வாளியால் அள்ளிவிடலாம். ஊற்றிலேயே கலங்கல் இருந்தால், அள்ள அள்ளக் கலங்கல் வந்துகொண்டேயிருக்கும். தூதுப் பொருள்கள் இரத்தத்தில் மட்டும் இருப்பவையல்ல. உடலின் தசையெங்கும் உள்ளன. இரத்தத்தில் எடுத்ததைத் தசை உடனே ஈடு செய்துவிடும். சீழ்க்கட்டி உள்ளே இருக்கும் வரையில் நஞ்சும் ஊறிக்கொண்டே இருக்கும்.

மேலும், வடிக்கும் கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. தீ மூட்டும் தூதுப் பொருளும் தீ அணைக்கும் தூதுப் பொருளும் ஒன்றாகவே அகன்றுவிடும். நோயாளி நம்பியிருக்கும் நுண்ணுயிர் எதிரி மருந்தையும் சில குப்பிகள் உறிஞ்சிக்கொள்ளும். அகநஞ்சுக்கு அசையாத எலிகள் கிருமிக்கு எளிதில் இரையானதை முன்பு கண்டோம். பாதுகாப்பையும் சேர்த்துக் கழுவிவிடும் அபாயம் இங்கே உண்டு. பெரிய நாளத்திற் குழாய் செலுத்துவதாலும், இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பதாலும் வரும் இரத்தக் கசிவும் புதிய தொற்றும் வேறு.

கருவி வெல்லும் இடம்

இவ்வளவும் படித்தபின், "அப்படியாயின் இரத்தச் சுத்திகரிப்பே வேண்டாம்" என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது பெருந்தவறாகும். செப்சிஸாற் சிறுநீரகம் செயலிழந்து, பொற்றாசியம் உயர்ந்து, நீர் தேங்கிச் சுவாசம் திணறும் வேளையில் அக்கருவியே உயிர். சிறுநீரகம் மீண்டும் விழித்தெழும் வரையில் அதன் பாரத்தைக் கருவி சுமக்கின்றது.

நம் நாட்டுக்கு நெருங்கிய உதாரணம் எலிக்காய்ச்சல். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. வயற்சேற்றிலும் வெள்ளத்திலும் கால் வைப்போரைப் பற்றும் இக்கிருமி, கடுமையாகும்போது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பிறேசில் நாட்டின் சாவோ பவுலோ நகரில் அத்தகைய 33 பேரைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. தேவை ஏற்பட்டும் தாமதித்து, ஒன்று விட்டு ஒரு நாள் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட 15 பேரில் 10 பேர் இறந்தனர். உடனே தொடங்கி நாள்தோறும் செய்யப்பட்ட 18 பேரில் மூவரே இறந்தனர்.

அதே வேளையில், தேவை வருமுன்னரே முந்திக்கொள்வதாலும் பயனில்லை. செப்டிக் அதிர்ச்சியுடன் சிறுநீரகமும் பழுதுற்ற 488 பேரிடம் பிரான்ஸில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உடனேயே சுத்திகரிப்புத் தொடங்கப்பட்டது. மறு பிரிவினரிடம் அவசரத் தேவை எழாவிடில் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தனர். இறப்பில் வேறுபாடு இல்லை. பொறுத்திருந்த பிரிவில் நூற்றுக்கு 38 பேருக்குக் கருவியே தேவைப்படவில்லை. அவர்களிற் பெரும்பாலாரின் சிறுநீரகம் தானே தேறிவிட்டது. ஆகவே, "எப்போது?" என்பதை நோயாளியின் அருகில் நிற்கும் வைத்தியரே தீர்மானிக்க வல்லவர்.

மணித்தியாலமே மருந்து

அப்படியானால் உயிரைக் காப்பது எது? விடை விந்தையானதன்று. நோயை விரைவில் இனங்காணுதல், தக்க நுண்ணுயிர் எதிரியை உடனே ஏற்றுதல், சேலைன் கொடுத்தல், அழுத்தத்தைத் தாங்கும் மருந்து, சீழை வடித்து நோயின் ஊற்றை அடைத்தல் என்பனவே அவை. கனடாவிலும் அமெரிக்காவிலும் செப்டிக் அதிர்ச்சியுற்ற இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். அழுத்தம் வீழ்ந்த முதல் மணித்தியாலத்துள் தக்க மருந்து பெற்றவருள் நூற்றுக்கு எண்பதளவினர் பிழைத்தனர். அதன் பின் தாமதித்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிழைப்போர் தொகை சராசரியாக நூற்றுக்கு ஏழுக்கு மேற் குறைந்து சென்றது.

எனவே, வீட்டிலுள்ளோர் அறிந்திருக்க வேண்டிய குறிகள் சில உண்டு. தொற்று அல்லது காய்ச்சல் உள்ள ஒருவர் விரைந்து மூச்சு வாங்கினால், பேச்சுத் தடுமாறினால் அல்லது மயங்கினால், கைகால் குளிர்ந்து தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறினால், நாள் முழுதும் சிறுநீர் போகாதிருந்தால், நடுக்கம் கண்டு மிகவும் சோர்ந்தால், குழந்தையாயின் பால் குடியாது துவண்டு கிடந்தால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருத்தல் ஆகாது. அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். "தொற்றுக் காரணமாக இருக்குமோ, செப்சிஸாக இருக்குமோ?" என்று வைத்தியரிடம் வாய் திறந்து கேட்டல் குற்றமன்று. விலையுயர்ந்த குப்பியினால் ஆகாதது, அவ்விரவிலே பிடித்த ஒரு வாகனத்தால் ஆகலாம்.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நிற்க நேர்ந்தால், இரத்தச் சுத்திகரிப்பு என்று கூறப்படும்போது அமைதியாகக் கேட்க வேண்டியவை இவை. இது செயலிழந்த சிறுநீரகத்துக்காகவா, நஞ்சை அகற்றுவதற்காகவா? நோயின் ஊற்று எங்கே இருக்கின்றது, அது அகற்றப்பட்டதா? இது வழக்கமான சிகிச்சையா, ஆராய்ச்சியின் பகுதியா? மருந்துகளின் அளவு இதற்கேற்ப மாற்றப்படுமா? முதற் கேள்விக்குச் "சிறுநீரகத்துக்காக" என்பது விடையாயின், தயங்க வேண்டியதில்லை. "நஞ்சுக்காக" என்பது விடையாயின், அச்சிகிச்சைக்குப் பணம் திரட்ட முடியாதவர் தம் அன்புக்குரியவரைக் கைவிட்டவராக மாட்டார். இதனை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். இருந்த நிலத்தை விற்காதவன் அன்பில்லாதவன் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை.

கழுவுதலைப் பற்றியே பேசினோம். கழுவுதலைக் கொண்டே முடிப்போம். 1847ஆம் ஆண்டிலே வியன்னா நகரத்துப் பிரசவ விடுதியில் இக்னாஸ் செமல்வைஸ் என்னும் வைத்தியர், தாய்மாரைத் தொடுமுன் குளோரின் சுண்ணாம்பு நீரிலே கை கழுவும்படி மாணவர்களுக்குக் கட்டளையிட்டார். பிரசவக் காய்ச்சலால் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்த மாதமும் இருந்த அவ்விடுதியில், சில மாதங்களுள் அத்தொகை இரண்டளவுக்கு இறங்கியது. சவர்க்காரமும் நீரும் எந்த வீட்டிலும் உள்ளன. இரத்தத்தைக் கழுவ வேண்டிய நிலை வருமுன்னரே கையைக் கழுவுதலும், புண்ணைப் பேணுதலும், வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் தடுப்பு மருந்தை உட்கொள்ளுதலும், காய்ச்சலின் குறியறிந்து காலந் தாழ்த்தாது செல்லுதலும் நம் கையிலே உள்ளவை. இவற்றுக்குச் செலவு சிறிது. பயனோ பெரிது.